‘சமூகக் காரணம்’: குழந்தைகளை எண்ணும் பதிவேடுகள்

1990களில் தமிழகத்தின் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிசு மரணப் பதிவேட்டைப் புரட்டியவர்கள் ஒரு விசித்திரமான சொல்லைக் கண்டார்கள். குறைப்பிரசவம், மூச்சுத்திணறல், வயிற்றுப்போக்கு என்று இறப்புக்கான காரணத்தை எழுதும் கட்டத்தில், சில பெண் சிசுக்களுக்கு நேராக ‘சமூகக் காரணம்’ என்று எழுதியிருந்தது. எந்த மருத்துவ நூலிலும் இல்லாத நோய். எழுதியவர் கிராம சுகாதாரச் செவிலியர். வீட்டுக்குள் நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியும். கொலை என்று எழுதினால் போலீஸ் வரும், மறுநாளும் அதே தெருவில் அவர் தடுப்பூசிப் பெட்டியோடு நடந்தாக வேண்டும். வயிற்றுப்போக்கு என்று எழுதிவிட மனம் ஒப்பியிருக்காது. இரண்டுக்கும் நடுவே கண்டெடுத்த சொல் அது.

அந்தச் சொல்லை எண்ணாக மாற்றிக் காட்டியவர்கள் தமிழகத்தின் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வி.பி. ஆத்ரேயாவும். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை மாவட்டவாரியாகத் தொகுத்து, 1997இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை, பெண் சிசுக்கொலை மதுரைப் பக்கத்து உசிலம்பட்டியோடு முடிந்துவிடும் கதை அல்ல என்பதைப் புலப்படுத்தியது. மதுரையின் மேற்குப் பகுதியில் தொடங்கி சேலம், தருமபுரி வரை ஒரு பட்டைபோல அது நீண்டு கிடந்தது. அதுவரை பத்திரிகைகளும் திரைப்படங்களும் சிசுவைக் கொல்லும் கள்ளிப்பாலையும் நெல்மணியையும் அந்த ஒரே வட்டாரத்தின் தலையில் கட்டிவைத்திருந்தன.

‘சமூகக் காரணம்’ என்று துணிந்து எழுதாத செவிலியர்களின் பதிவேடுகளும் இந்த ஆய்வில் பேசின. காரணத்தை மறைக்கலாம், இறந்த குழந்தை ஆணா பெண்ணா, எத்தனையாவது நாளில் இறந்தது என்பதை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. இயற்கை விட்ட வழியில் விட்டால் பிறந்த முதல் வாரத்தில் பெண் சிசுக்களைவிட ஆண் சிசுக்களே அதிகம் இறக்கும். உலகெங்கும் அப்படித்தான், ஆண் சிசுவின் நுரையீரல் சற்றுத் தாமதமாக முதிர்வது அதற்கு ஒரு காரணம். ஒரு வட்டாரத்தில் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்தால், காரணக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் விஷயம் வெளியே வந்துவிடும்.

பொதுப் புள்ளிவிவரம் குழந்தைகளுக்காக உருப்படியாகப் பேசிய தருணங்களில் இதுவும் ஒன்று. பெரிய ஆய்வு நிறுவனமோ புதிய கருவியோ தேவைப்படவில்லை. ஏற்கெனவே இருந்த நோட்டுப் புத்தகங்களை வேறு கேள்வியோடு திறந்தார்கள், அவ்வளவுதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதே கதையைத் தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தது. 0 முதல் 6 வயது வரை 1,000 ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்பதைக் குழந்தைப் பாலின விகிதம் என்கிறோம். 1991இல் சேலம் மாவட்டத்தில் அது 849. மாநிலத்துக்கு அப்போது 948. அடுத்த ஆண்டே சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் குழந்தை வேண்டாமென்றால் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்றது அரசு. 2001இல் சேலம் 851. பத்து ஆண்டுகளில் 2 புள்ளி! திட்டம் தோற்றதென்று பலர் எழுதினார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் ஸ்கேன் மையங்கள் நகரத்திலிருந்து ஒன்றியத் தலைநகரங்களுக்கு இறங்கிவந்திருந்தன. கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்தது. பிறந்த பின் கொல்வது குறைந்து, பிறக்கும் முன்பே கலைப்பது கூடினாலும் 0–6 விகிதம் அசையாது. இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த ஒற்றை எண்ணால் முடியாது. சிசு மரணப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்தால் முடியும்.

2011 கணக்கெடுப்பு வந்தபோது சேலம் 915ஐத் தாண்டியிருந்தது. இப்போதைய எல்லைப்படி 2001இல் 826ஆக இருந்த தருமபுரி 910ஐத் தாண்டியது. தெருநாடகக் கலைப்பயணம், செவிலியர்களின் கண்காணிப்பு, தொட்டில், வழக்குகள் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க யாராலும் இயலாது. கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டியது. 2001இல் 950ஐ ஒட்டி இருந்த கடலூரும் அரியலூரும் 2011இல் 900க்குக் கீழே சரிந்திருந்தன. பழைய வரைபடத்தில் இந்த இரு மாவட்டங்கள் மீது யாரும் சிவப்பு வண்ணம் பூசியதில்லை. மாநில எண்ணோ 942இலிருந்து 943 ஆகி, ஒன்றுமே நடக்காததுபோல நின்றது. மேற்கில் ஏறியதும் கிழக்கில் இறங்கியதும் சராசரிக்குள் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன.

வட்டாரவாரியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் வட்டாரம் என்று இறங்கிய மாத்திரத்தில் வேறு சிக்கல்கள் தொடங்குகின்றன.

முதல் சிக்கல், குழந்தை எந்த ஊர்க் கணக்கு என்பது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன்படி பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்திலேயே பதிவாகும். தமிழ்நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். கணவன் வீடு திருவண்ணாமலையில், தாய்வீடு வேலூரில் என்றால் குழந்தை வேலூர்க் கணக்கில் ஏறும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திருவண்ணாமலைக்குப் போய் அங்கே வளரும். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்தில் சிக்கலான பிரசவம் என்றால் புதுச்சேரி ஜிப்மருக்கு ஆம்புலன்ஸ் பறக்கிறது. அந்தப் பிறப்பு மாநிலத்தையே தாண்டிவிடுகிறது. குறைமாதத்தில் பிறந்த சிசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தால் அந்த மரணம் அந்த நகரத்தின் பெயரில் எழுதப்படும். நல்ல மருத்துவமனை உள்ள ஊரில் சிசு மரணம் அதிகமாகத் தெரிவதும், மருத்துவமனையே இல்லாத மலை ஒன்றியம் ஆரோக்கியமாகத் தெரிவதும் இப்படித்தான். பதிவான இடத்தையும் தாயின் வசிப்பிடத்தையும் பிரித்துத் தொகுக்காத எந்த மாவட்டப் பட்டியலையும் கொஞ்சம் சந்தேகத்தோடு அணுகுவது நல்லது.

பிறப்பையும் இறப்பையும் விடாமல் பிடிக்க இந்திய அரசு கண்ட வழி அழகானது. மாதிரிப் பதிவு முறை என்று பெயர். 1964–65இல் சோதனையாகத் தொடங்கி 1969–70இல் நாடு முழுவதும் வந்தது. தேர்ந்தெடுத்த ஒவ்வொரு சிற்றூரிலும் நகரத் தொகுதியிலும் பகுதிநேரக் கணக்கெடுப்பாளர் ஒருவர் ஆண்டு முழுக்கப் பிறப்பு, இறப்புகளை எழுதிவருவார். பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர், கணக்கெடுப்பாளரின் நோட்டைப் பார்க்காமலே, வீடுவீடாகப் போய்த் தனியாக ஒரு பட்டியல் தயாரிப்பார். பிறகு இரண்டையும் பொருத்துவார்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத நிகழ்வுகளுக்காக மட்டும் மீண்டும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் பிடிப்பார், ஒருவர் மறைத்ததையும்தான். 1971இல் 1,000 பிறப்புக்கு 129 என்றிருந்த இந்தியாவின் சிசு மரண விகிதம் 2020இல் 28க்கு இறங்கியதை நாம் நம்புவது இந்த இரட்டை நோட்டின் பலத்தில். அதே 2020இல் கேரளம் 6, தமிழ்நாடு 13, மத்தியப் பிரதேசம் 43. ஒரே நாட்டுக்குள் ஏழு மடங்கு இடைவெளி.

ஆனால் இரண்டாவது சிக்கல், இந்த முறை மாநிலத்தோடு நின்றுவிடுகிறது என்பது. மாவட்டத்துக்கு எண் தருவதில்லை. நாடு முழுக்க 8,842 மாதிரி அலகுகள். மாவட்டத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு, பதின்மூன்றுதான் விழும். அதில் ஓர் ஆண்டில் நிகழும் சிசு மரணங்கள் பெரும்பாலும் இரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். இரண்டு குழந்தைகள் கூடுதலாக இறந்தால் மாவட்டமே சீரழிந்ததாகக் காட்டும் எண்ணை வெளியிடாமல் இருப்பதுதான் நேர்மை.

தேசியக் குடும்ப நல ஆய்வு அந்த எல்லையைத் தாண்டியது. மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் இந்த ஆய்வு 1992–93இல் தொடங்கியது. 2015–16இன் நான்காம் சுற்றில்தான் முதன்முதலாக மாவட்டவாரி எண்கள் வந்தன. 2019–21இன் ஐந்தாம் சுற்றில் 707 மாவட்டங்கள், 6,36,699 வீடுகள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 28,000 வீடுகள். மலைக்க வைக்கும் உழைப்பு. வளரும் நாடுகளில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை அதிகமில்லை.

ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுக்கான ஓர் எண் பலரைத் திடுக்கிட வைத்தது. முந்தைய ஐந்து ஆண்டுப் பிறப்புகளில் பாலின விகிதம் 954இலிருந்து 878 ஆகிவிட்டது. பெண் கருக்கலைப்பு மீண்டும் தலைதூக்குகிறது என்று எழுத அது போதுமா? பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 28,000 வீடுகளை 32 மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால் மாவட்டத்துக்குச் சுமார் 875 வீடு. ஐந்து ஆண்டில் அந்த வீடுகளில் 200 குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். இயற்கையின் விகிதமான 950 இருந்தால் அதில் 97 பெண் குழந்தைகளை எதிர்பார்க்கலாம். ஆனால் காசு சுண்டுவதைப் போன்ற தற்செயலில், யாரும் எதுவும் செய்யாமலே, அது 83ஆகவும் வரலாம், 111ஆகவும் வரலாம். முதலாவதை விகிதமாக்கினால் 709. இரண்டாவதை விகிதமாக்கினால் 1,247. ஒரு மாவட்டம் நரகமாகவும் பக்கத்து மாவட்டம் சொர்க்கமாகவும் தெரிய இந்த விளையாட்டே போதும். மாவட்ட அறிக்கையில் வரும் பாலின விகிதத்தை எடுத்துத் தலைப்புச் செய்தி போடும் துணை ஆசிரியர் ஒரு முறையாவது நாணயத்தை 200 தடவை சுண்டிப் பார்க்க வேண்டும்.

மாநில அளவில் பிறப்புகள் சில ஆயிரம் என்பதால் ஆட்டம் குறையும். அப்போதும் முன்னே பின்னே நாற்பது, ஐம்பது புள்ளிகள்வரை தற்செயலுக்கு இடம் உண்டு. 878 என்பது தவறான எண் அல்ல. அது ஒரு சந்தேகத்தின் தொடக்கம். தீர்க்க வேண்டியது லட்சக்கணக்கான பிறப்புகளைக் கொண்ட பதிவுத்துறை நோட்டு. அந்த நோட்டில் தற்செயல் ஏறக்குறைய கிடையாது, ஆனால் முன்சொன்ன தாய்வீட்டுச் சிக்கல் இருக்கிறது. இப்படித்தான் ஒன்றின் ஊனத்தை மற்றதன் கால்கொண்டு நடத்த வேண்டியிருக்கிறது.

உயரத்துக்கும் எடைக்கும் வருவோம். வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இந்தியாவில் 2005–06இல் 48 சதவீதம், 2015–16இல் 38.4, 2019–21இல் 35.5. தமிழ்நாட்டில் நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் 27.1, 25.0. கேரளத்தில் 19.7இலிருந்து 23.4ஆகக் கூடியிருக்கிறது. சிசு மரணத்தில் இந்தியாவுக்கே வழிகாட்டும் கேரளத்தில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பெருகினார்களா? கேரளத்தில் களப்பணி 2019இன் பிற்பாதியில், கொரோனாவுக்கு முன்பே முடிந்தது. தமிழ்நாட்டில் 2020 தொடக்கத்தில் ஆரம்பித்து, பொதுமுடக்கத்தில் நின்று, பிறகு மீண்டும் தொடர்ந்தது. பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் ஒப்பிடுகிறவர் ஒரு பெருந்தொற்றின் இரு கரைகளை ஒப்பிடுகிறார் என்பதை அட்டவணை சொல்லாது.

வயதுக்கேற்ற உயரத்தை முடிவுசெய்யும் அளவுகோல் 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சூழலில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கியது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தையின் நடுவளவு 87 சென்டிமீட்டர். 81க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றிய குழந்தை. இரண்டு வயதுக்குள் என்றால் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. இரண்டுக்கும் இடையே சுமார் 0.7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். அந்த வயதில் குழந்தை மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே ‘ஆடியில் பிறந்தான், இல்லை ஆவணியோ’ என்று பாட்டி தடுமாறும் ஒரு மாதம் ஒரு குழந்தையைக் கோட்டின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். திமிறி அழும் ஒன்றரை வயதுக் குழந்தையின் முழங்காலைப் பலகையோடு அழுத்திப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். புள்ளிவிவரம் பிறக்கும் இடம் இதுதான்.

இதையே அங்கன்வாடிகளும் மாதந்தோறும் செய்கின்றன. தமிழகத்துக்கு இது பழைய பழக்கம். 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தார்கள். எண் அங்கே ஒரு குழந்தைக்குச் சத்துருண்டை கொடுப்பதா என்பதைத் தீர்மானிக்கப் பயன்பட்டது. இன்று 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் நாடு முழுக்க எட்டுக் கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளின் அளவுகள் ஏறுகின்றன. 2024 நடுவில் அதன்படி உயரத்துக்கேற்ற எடை இல்லாத மெலிந்த குழந்தைகள் 5 சதவீதம். குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் அது 19.3.

மூன்றாண்டில் நான்கில் ஒரு பங்காக மெலிவு கரைந்துவிடவில்லை. டிராக்கர் அங்கன்வாடியில் பெயர் உள்ள குழந்தைகளை மட்டும் எண்ணுகிறது. மெலிந்த குழந்தை என்று பதிந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும், மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு பணியாளர் எத்தனைக்குத்தான் பதில் சொல்வார்? மறுபக்கம், குடும்ப நல ஆய்வின் எண்ணும் புனிதமானதல்ல. அளவில் வரும் சிறுசிறு தவறுகள் மேலும் கீழுமாகச் சமமாகச் சிதறினாலும் ஓரங்களில் விழும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும் என்பது கணிதம். உண்மை 5க்கும் 19க்கும் நடுவே எங்கோ இருக்கிறது. 19க்கு நெருக்கமாக என்றே தோன்றுகிறது.

இரத்தசோகையில் இந்தக் குழப்பம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. 2015–16இல் குடும்ப நல ஆய்வின்படி 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 58.6 சதவீதத்தினருக்கு இரத்தசோகை, 2019–21இல் 67.1. நடுவே 2016–18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 1 முதல் 4 வயதில் ஏறக்குறைய 41 சதவீதம் என்றது. முன்னது விரல் நுனியைக் குத்தி எடுத்த துளி; பின்னது சிரையில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிய இரத்தம். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீரும் கலந்துவரும். வயதுவரம்பும் சற்று வேறு. 2024இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ஹீமோகுளோபின் வெட்டுக்கோட்டை டெசிலிட்டருக்கு 11 கிராமிலிருந்து 10.5ஆகக் குறைத்தது, குழந்தைகளின் உடலில் எதுவும் மாறாமலே லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் ‘குணமானார்கள்’.

மாவட்டங்களைப் போட்டியில் நிறுத்தும்போது இந்த நுணுக்கங்களெல்லாம் பறந்துவிடுகின்றன. 2018இல் தொடங்கி நிதி ஆயோக் வழிநடத்தும் முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் 112 மாவட்டங்களை 49 குறியீடுகளில் அளந்து, யார் அதிகம் முன்னேறினார் என்று வரிசைப்படுத்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் அதில் உண்டு. ஆட்சியர்களை அங்கன்வாடி வாசல்வரை அழைத்துப்போன பெருமை அதற்கு உண்டு. ஆனால் மதிப்பெண் வாங்கும் மாணவனே விடைத்தாளையும் திருத்தினால் என்ன ஆகும் என்பதை அறிய நிதி ஆயோக் தேவையில்லை. தனியாக வந்து பார்க்கும் இரண்டாவது நோட்டு இல்லாத இடத்தில் தரவரிசை அழகாக ஏறும்.

மாவட்டம் என்ற அலகே சரிதானா என்ற கேள்வியும் இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் எஸ்.வி. சுப்பிரமணியனும் அவரோடு உழைப்பவர்களும் குடும்ப நல ஆய்வின் தரவை ஊர், மாவட்டம், மாநிலம் என்று பிரித்துப் பார்த்து, குழந்தை ஊட்டச்சத்தில் இடம்சார்ந்த வேறுபாட்டின் பெரும்பகுதி ஒரே மாவட்டத்து ஊர்களுக்கு இடையில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். நாமக்கல்லுக்கும் கொல்லிமலைக்கும் இடையிலான தூரத்தை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. மாவட்டமும் நிலையாக நிற்பதில்லை: குடும்ப நல ஆய்வு 2017 மார்ச் எல்லையின்படி 32 மாவட்டங்களைப் பார்த்தது, இப்போது தமிழகத்தில் 38. தென்காசிக்கும் கள்ளக்குறிச்சிக்கும் மயிலாடுதுறைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ‘நேற்று’ கிடையாது.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு வரவிருக்கிறது. கடலூரும் அரியலூரும் மீண்டனவா என்பதற்கு 0–6 அட்டவணையில் பதில் தேடுவோம். அதில் இருக்கப்போகிறவர்கள் 2020 மார்ச்சுக்குப் பிறகு பிறந்த குழந்தைகள். 2011 மார்ச்சிலிருந்து 2020 பிப்ரவரிவரை பிறந்தவர்கள் எந்தக் கணக்கெடுப்பின் 0–6 கட்டத்திலும் வராமலே அந்த வயதைக் கடந்துவிட்டார்கள். பத்தாண்டு முறை தவறாமல் நடந்தாலும் மூன்று ஆண்டுப் பிறப்புகள் இப்படி நழுவும்; இம்முறை ஒன்பது. கடலூர் மாவட்டத்தில் அந்த ஒன்பது ஆண்டில் பிறந்த பெண் குழந்தைகள் இன்று பள்ளிகளில் இருக்கிறார்கள். வயதுவாரி அட்டவணை அச்சாகி வரும்வரை, அவர்கள் எத்தனை பேர் என்பதற்கு வகுப்பு வருகைப் பதிவேட்டைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.